தடியாக ஒரு புத்தகம்

வெயிலுமுத்து நூலகர் ஆனது முழங்காலினால்தான், படிப்பினால் அல்ல. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. தாராவிக்கு வந்த நாளிலிருந்து தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று நின்று இரண்டு காலும் கெட்டது. பிறகு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பியூனாகச் சேர்ந்து கேட்டில் நின்று நின்று மிச்சமும் கெட்டது. கேட்டில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளலாமா என்று ஹெட்மாஸ்டர் ஞானசேகரனிடம் கேட்டுப் பார்த்தார். உட்கார்ந்த காவல்காரன் தூங்குவான் என்பது ஞானசேகரனின் கொள்கை. ஸ்டூல் வரவில்லை.

அறுபத்து மூன்றாம் வருஷம், லைப்ரரியைப் பார்த்துக்கொண்டிருந்த வாத்தியார் உல்லாஸ்நகரில் ஒரு ஜவுளிக்கடைக்குக் கணக்கெழுதப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வர வேறு எந்த வாத்தியாருக்கும் மனசில்லை.

“நீரே போய் உக்காரும்வே,” என்றார் ஞானசேகரன். “பூட்டத் தொறக்கணும், புஸ்தகம் குடுக்கணும், சாயங்காலம் பூட்டணும். வேற என்ன?”

“நாற்காலி உண்டா சார்?”

“உண்டு.”

வெயிலுமுத்து சாவிக்குக் கையை நீட்டினார்.

சொன்ன வேலைகளில் பூட்டுகிற வேலையை அவர் ஒரு குறையும் இல்லாமல் செய்தார். இரண்டு இரும்பு அலமாரிகள். உள்ளே இருந்ததெல்லாம் பக்கத்து மாட்டுங்காவில் வீடு மாறுகிறவர்கள் தூக்கிப்போட மனசில்லாமல் கொடுத்த புத்தகங்கள். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் பள்ளிக்கூடத்து சீல் இருந்தது. அது வெயிலுமுத்துவுக்குப் போதவில்லை. சீல் உள்ளே இருந்தால் திருடனுக்கு என்ன பயம்? வெள்ளைப் பெயிண்ட் வாங்கிவந்து, அட்டை முழுக்க அடைக்கிற மாதிரி நம்பர் போட்டார். எவனாவது தூக்கிக்கொண்டு ஓடினால் சந்தின் அந்தக் கோடியிலிருந்தே தெரிய வேண்டும். ஒரு புத்தகத்தின் அட்டையில் அழகான ஒரு நதியின் படம் இருந்தது. இப்போது அதில் நாற்பத்தொன்று இருந்தது.

பிள்ளைகள் வந்து கேட்டால் முதலில் கையை நீட்டச் சொல்லுவார். பிறகு மோந்து பார்ப்பார்.

“வடை தின்னுருக்கே.”

“காலைலதான் தாத்தா.”

“எண்ணெய்க்குக் காலை என்ன, மத்தியானம் என்ன? சரி, புஸ்தகம் என்னத்துக்கு?”

“படிக்க.”

“படிச்சு?”

அதற்கு மேல் எந்தப் பிள்ளையாலும் பதில் சொல்ல முடிந்ததில்லை. தெருவில் இந்தி பேசி வளர்கிற பிள்ளைகள் அவை. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கும். புத்தகத்தின் மேல் அவற்றுக்குப் பெரிய ஆசை ஒன்றும் இருந்ததில்லை. இருந்த கொஞ்சமும் இந்த விசாரணையில் தீர்ந்துபோயிற்று.

ஒரு வருஷம் இப்படி நிம்மதியாகப் போயிற்று. அலமாரி நிறைந்திருந்தது, நாற்காலியும் நிறைந்திருந்தது. பிறகு லைப்ரரிக்கு மானியம் கொடுக்கிற ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார். புரட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. போகும்போது ஞானசேகரனிடம் சொல்லிவிட்டுப் போனார்: யாரும் புத்தகம் எடுக்காத லைப்ரரிக்கு எதற்கு ஓர் ஆள்? அடுத்த தடவை வரும்போதும் இப்படியே இருந்தால் மானியம் நின்றுவிடும்.

“நின்னுட்டா நான்?” என்று கேட்டார் வெயிலுமுத்து.

“பழையபடி கேட்டுக்குத்தான்.”

“ஸ்டூல்?”

ஞானசேகரன் மேஜை மேலிருந்த பேப்பரை அடுக்க ஆரம்பித்தார்.

அன்றைக்கே வடை விசாரணையை வெயிலுமுத்து நிறுத்திவிட்டார். கையை மட்டும் பார்த்தார். ஒரு பயலும் வரவில்லை. பிள்ளைகள் பேரில் தாய் தகப்பனும் புத்தகம் எடுக்கலாம் என்று ஞானசேகரன் போர்டில் எழுதிப் போட்டார். போர்டு கேட்டுக்கு உள்பக்கம் இருந்தது. தாய் தகப்பன்கள் வெளிப்பக்கம் இருந்தார்கள். அதனாலும் ஒருவரும் வரவில்லை.

மழைக்காலம் முடிந்த ஒரு நாள் முப்பிடாதியம்மாள் வந்தாள். மூன்றாவது சந்தில் அப்பளம் போட்டு விற்கிறவள். மகள் இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்துக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“அண்ணாச்சி, ஒரு புஸ்தகம் குடுங்க.”

வெயிலுமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன புஸ்தகம்?”

“தடியா ஒண்ணு.”

“தடியான்னா? கதையா, பாட்டா, சமையலா?”

“அதெல்லாம் ஒங்க இஷ்டம். தடியா இருக்கணும்.”

“ஒனக்குப் படிக்கத் தெரியுமாட்டி?”

“எம் மவ படிப்பால்லா?”

நூற்றுப் பதினாலாம் நம்பரைக் கொடுத்தார். இருப்பதிலேயே தடி அதுதான். அவள் புரட்டிப் பார்க்கவில்லை. அட்டையில் இருந்த நம்பரைப் பார்த்தாள், கையில் தூக்கிக் கனம் பார்த்தாள், திருப்தியாகப் போனாள். கருவாட்டுக்கடையில் வாங்குவது போலத்தான் இருந்தது.

அந்த வாரத்துக்குள் ஆறுமுகத்தாய் வந்தாள். அதற்கடுத்து சகாயராணி, அவள் பின்னால் அவளுடைய நாத்தனார். எல்லாருக்கும் தடியாகத்தான் வேண்டும். மெலிந்த புத்தகத்தைக் காட்டினால் முகத்தைச் சுளித்தார்கள். ஒரு மாதத்தில் தடிப் புத்தகம் அத்தனையும் தீர்ந்து நடுத்தரத்துக்கு வந்துவிட்டார்கள். சில பேர் புத்தகம் வாங்காமல் வேறொன்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

“அண்ணாச்சி, எம்பத்தேழு யாரு பேருல இருக்கு?”

“சகாயராணி பேருல. என்னத்துக்குக் கேக்கே?”

“சும்மாத்தான். அவ இல்லைன்னு சாதிக்கா.”

ஞானசேகரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பாத்தீராவே, ஜனங்களுக்குள்ள தாகம் இருக்கு. நாமதான் கண்டுக்கிடல.” வெயிலுமுத்து அதை நம்பவில்லை. இருபது வருஷமாகப் பார்க்கிற சனங்கள் இவர்கள். ஒரே மாசத்தில் தாகம் எப்படி வரும்? அவருக்குத் தோன்றியது ஒன்றுதான். கிழித்து விற்கிறார்கள்.

மாஹிம் பக்கம் பழைய பேப்பர் கடை வைத்திருந்த அப்துல் வாஹிதிடம் போனார். அவரும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்தான். அவருடைய தராசுக்குப் பின்னால் கிடந்த கட்டுகளை வெயிலுமுத்து கேட்காமலே கிளற ஆரம்பித்தார்.

“என்ன தேடுதீரு?”

“நம்பர் போட்ட புஸ்தகம்.”

“உம்ம நம்பரோட எவன்வே எங்கிட்ட கொண்டாருவான்? அந்தப் பெயிண்டப் பாத்தா கடலைக்காரன்கூட அந்தத் தாள வாங்க மாட்டான்.”

“நீரு கிழிச்சுட்டு வாங்குவீரு.”

“ஓய், நான் நோம்பு பிடிக்கிறவன்.”

“நோம்பு வருசத்துல ஒரு மாசந்தானே,” என்று சொல்லிவிட்டு வெயிலுமுத்து கடைசிக் கட்டையும் அவிழ்த்துப் பார்த்தார். இல்லை. அப்துல் வாஹித் அதை மறுபடி கட்டச் சொன்னார். கட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். இல்லாததினால் சந்தேகம் கூடத்தான் செய்தது.

மறுநாள் முப்பிடாதியின் மகள் நூற்றுப் பதினாலைப் புதுப்பித்துக்கொள்ளக் கொண்டுவந்தபோது, வெயிலுமுத்து புத்தகத்தின் அடியைத் தடவினார். ஈரம். மோந்து பார்த்தார். சோப்பு, சாக்கடை, கொஞ்சம் மண்ணெண்ணெய். பதிந்து கொடுத்துவிட்டு, அந்தப் பிள்ளைக்குப் பின்னாலேயே நொண்டி நொண்டிப் போனார். பிள்ளை வீட்டுக்குப் போகவில்லை. குழாயடிக்குப் போனது.

குழாயடியில், புத்தகத்தை வைக்கக் குனிந்த அந்தப் பிள்ளையைத் தவிர, ஒருவரும் இல்லை. தண்ணீர் வர இன்னும் நேரம் கிடந்தது. ஆனால் குழாயிலிருந்து சாக்கடை ஓரமாக, சந்து திரும்புகிற முனை வரைக்கும், வெயிலுமுத்துவின் லைப்ரரி தரையில் வரிசையாகக் கிடந்தது. ஒவ்வொரு புத்தகத்தின் மேலும் ஒரு கல். அலமாரியில்கூட அவை இவ்வளவு நேராக நின்றதில்லை.

அந்தக் குழாயில் விடிகிற நேரம் ஒரு தரமும் சாயங்காலம் ஒரு தரமும் தண்ணீர் வரும். முந்நூறு குடிசைக்கு ஒரு குழாய். வந்து காத்து நிற்க யாருக்கும் பொழுது கிடையாது. அதனால் முன்கூட்டியே எதையாவது வரிசையில் வைத்துவிட்டுத் தங்கள் பாட்டைப் பார்க்கப் போய்விடுவார்கள். அதற்கு நம்பர் போடுவது என்று பேர். குடத்தை வைத்தால் குடம் போய்விடும். ஆகையால் செங்கல், ஓட்டை டப்பா, அறுந்த செருப்பு. தண்ணீர் வருகிற நேரத்தில் எந்தச் செங்கல் யாருடையது என்று தகராறு வரும். அந்தத் தகராறு அந்தச் செங்கலாலேயே தீரும்.

சத்தம் போட்டுக் கூப்பிட்டார். முப்பிடாதி மாவுக் கையோடு வந்தாள்.

“இது என்னட்டி?”

“நம்பர் போட்டுருக்கோம் அண்ணாச்சி.”

“செங்கல் எங்க போச்சு?”

“செங்கல்ல பேரா எழுதியிருக்கு? இந்த ஆறுமுகத்தாயி எங் கல்லப் பின்னால தள்ளிட்டு அவ கல்ல முன்னால வச்சுட்டு, இதுதான் அவ கல்லுன்னு சாமி மேல சத்தியம் பண்ணுவா. ஒங்க புஸ்தகத்துல அந்தச் சோலி நடக்காது. இம்மாம் பெரிய நம்பரு. யாரு பேருல இருக்குன்னு ஒங்கட்ட எழுதியிருக்கு. நீங்க சொந்த மச்சானையே நம்ப மாட்டிய. ஒங்க கிட்ட எவ போய்ப் பேரை மாத்தி எழுதச் சொல்ல முடியும்?”

“தடியா கேட்டது?”

“மெலிசு காத்துல போயிருது. மேல கல்லும் நிக்க மாட்டேங்கு.”

வெயிலுமுத்து குனிந்து நூற்றுப் பதினாலை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார். அடுத்ததை எடுக்கக் கை நீட்டினார்.

“எடுத்துட்டுப் போங்க,” என்றாள் முப்பிடாதி. “நாளைலருந்து ஒங்க லைப்ரரிக்கு எவ வாரான்னு பாப்போம். கேட்டுல நிக்கதுக்குக் காலு சரியாயிட்டுதோ?”

பள்ளிக்கூடத்து விஷயம் எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. வெயிலுமுத்து கொஞ்ச நேரம் நின்றார். நிற்கும்போதே முழங்கால் குத்தியது. பிறகு புத்தகத்தைத் திரும்ப வைத்தார். ஒரு இடம் தள்ளிப் பின்னால் வைத்துவிட்டார். முப்பிடாதி உடனே அதைச் சரிசெய்தாள்.

அடுத்த வாரம் லைப்ரரியில் புதுச் சட்டங்கள் வந்தன. புத்தகத்துக்கு ரெக்ஸின் உறை போட்டாக வேண்டும். பை தைக்கிற கடைகளில் துண்டு சும்மாவே கிடைக்கும். அடியில் தகரம் வைக்காதவளுக்குப் புத்தகம் கிடையாது. சாக்கடைப் பக்கம் வைத்தால் பேர் அடிக்கப்படும். இதெல்லாம் என்ன என்று ஞானசேகரன் கேட்டார். “புஸ்தகத்தப் பாதுகாக்கதுக்கு சார்,” என்றார் வெயிலுமுத்து. அது பொய்யும் இல்லை.

ஏப்ரலில் ஆபீஸிலிருந்து தகவல் வந்தது. பழைய அதிகாரி மாறிவிட்டார், புதிதாக ஓர் அம்மாள் வருகிறாள், மாட்டுங்காக்காரி, பேர் அபயாம்பாள். லைப்ரரிகளில் கொள்ளை ஆர்வம் உள்ளவள் என்று ஞானசேகரன் விசாரித்துக்கொண்டு வந்தார். அந்த ஆர்வம் என்ற வார்த்தை வெயிலுமுத்துவுக்குப் பிடிக்கவில்லை. அலமாரியைத் திறந்ததும் காலியாக இருந்தால் அவள் என்ன நினைப்பாள்? திருட்டுக் கொடுத்துவிட்டான் என்றுதான் நினைப்பாள். அவராக இருந்தால் அப்படித்தான் நினைப்பார். அவள் வருவதற்கு முந்தின நாள் வகுப்பு வகுப்பாகப் போய், வெளியே இருக்கிற எல்லாப் புத்தகமும் சாயங்காலத்துக்குள் வந்தாக வேண்டும், வராவிட்டால் பரீட்சை கிடையாது என்று பிள்ளைகளை மிரட்டினார். பரீட்சைக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. எல்லாம் வந்து சேர்ந்தன. துடைத்து, உறைகளைக் கழற்றி, நம்பர்படி அடுக்கினார். அலமாரி இரண்டும் அடைந்து நின்றன. தன் வாழ்நாளில் தான் செய்த நல்ல வேலை இது என்று பட்டது.

அபயாம்பாள் கிங்ஸ் சர்க்கிளிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். கண்ணாடி, கைத்தறிப் புடவை, தோளில் துணிப்பை. பதிவுப் புத்தகத்தைப் புரட்டப் புரட்ட அவள் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று.

“இத்தனை பேரா? எல்லாம் பொம்மனாட்டிகளா?”

“தாய்மார்கள் மேடம்,” என்றார் ஞானசேகரன். “வாசிக்கணும்னு ஒரு வெறி.”

“ஆனா அலமாரி நெறஞ்சிருக்கே?”

வெயிலுமுத்து வாய் திறக்கும் முன்னால் கேட்டில் கூச்சல் கேட்டது. கேட்டுக்குப் போட்டிருந்த புதுப் பியூன் நின்றுகொண்டுதான் இருந்தான், ஒன்றும் பிரயோஜனப்படவில்லை. முப்பிடாதி முன்னால், ஆறுமுகத்தாய் நெற்றியில் மஞ்சள் பற்றோடு அவளுக்குப் பக்கத்தில், பின்னால் மூன்று சந்துப் பெண்களும் உள்ளே வந்துவிட்டார்கள். முப்பிடாதியின் ரவிக்கைக் கை கிழிந்து தொங்கியது.

“எங்க புஸ்தகத்தக் குடுங்க! நூத்திப் பதினால எடுங்க!”

“எம்பத்தேழு என்னுது!”

“காலைலருந்து நாறிப் போச்சு எல்லாம்! எவரக் கேட்டு எல்லாத்தையும் வாங்கி வச்சிய?”

அபயாம்பாள் எழுந்து ஜன்னலருகே போனாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “புஸ்தகத்துக்காகச் சண்டை போடறாளே,” என்றாள். “மாட்டுங்காவிலே நாங்க வீடு வீடாப் போய்க் கெஞ்சறோம். ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டேங்கறா. ஸார், இப்பேர்ப்பட்ட எடத்தை இப்படி விட்டு வைக்கப்படாது. மானியத்தைக் கூட்டச் சொல்லி எழுதறேன். முறையா லைப்ரரி வேலை படிச்சு சர்டிபிகேட் வாங்கின ஒருத்தரை இங்கே போடணும்.” வெயிலுமுத்து பக்கம் திரும்பினாள். “நீங்க என்ன படிச்சிருக்கேள்?”

“அஞ்சு.”

“பாவம், இத்தனை நாள் இதைத் தாங்கினதே பெரிசு. இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம்.”

ஞானசேகரன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். வெயிலுமுத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“அவங்க யாரும் படிக்கலம்மா,” என்றார்.

“என்ன?”

“படிக்கல. குழாயடில தண்ணிக்கு நம்பர் போடுதாவ. செங்கல்லுக்குப் பதிலா இது.”

ஞானசேகரனின் சிரிப்பு முகத்திலேயே நின்றது, யாரோ எடுக்க மறந்துவிட்ட மாதிரி. அபயாம்பாள் நேரே வெளியே போனாள்.

“இவர் சொல்றது நெஜமா?”

“பொறவு?” என்றாள் முப்பிடாதி. “புஸ்தகம் வச்ச நாளுலருந்து ஒரு மண்டை ஒடஞ்சிருக்கா, கேளுங்க. இன்னிக்கு ஒரு நாளு இல்ல. இவ மண்டையப் பாருங்க.”

ஆறுமுகத்தாய் நெற்றியைக் காட்டினாள்.

“ஐயையோ, யார் ஒடைச்சா?”

“நாந்தான். இப்ப அதுவா பேச்சு? சாயங்காலத் தண்ணிக்கு மத்தியானத்துக்குள்ள நம்பர் போடணும். புஸ்தகத்தக் குடுக்கச் சொல்லுங்க.”

அபயாம்பாள் உள்ளே திரும்பி வந்தாள். முகத்தில் இருந்த மலர்ச்சி எல்லாம் போய்விட்டிருந்தது. “இதுக்கு லைப்ரரி எதுக்கு? செங்கல்லே நம்பர் எழுதிக் குடுத்தாப் போறுமே. மானியத்தையே நிறுத்திடலாம்.”

இந்தப் பக்கமாகவும் நாற்காலி போவதை வெயிலுமுத்து பார்த்தார்.

“செங்கல்ல எழுதுனா சொரண்டி மாத்தி எழுதுவாளுவ,” என்றார்.

“நான் அதைக் கேக்கலை. இவாள்லே படிக்கத் தெரிஞ்சவா எத்தனை பேர்?”

“ரெண்டு பேரு. அதுலயும் ஒருத்தி சும்மா சொல்லுதா.”

“நீங்க? இந்த அலமாரியிலே ஒரு புஸ்தகமாவது படிச்சிருக்கேளா?”

இதை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. “சீல் இருக்கிற பக்கம் பாத்திருக்கேன்,” என்றார்.

அபயாம்பாள் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பதிவுப் புத்தகத்தை மூடினாள். “நான் இப்போ எதையும் எழுதப் போறதில்லை. தீபாவளி கழிச்சு வருவேன். குழாயடிக்கே வருவேன். யார் எந்தப் புஸ்தகத்தை வெச்சிருக்காளோ, அதிலே என்ன இருக்குன்னு அவாளை ஒரு கேள்வி கேப்பேன். எல்லாரும் தானாப் படிக்கணும்னு இல்லை. யாராவது படிச்சுச் சொல்லிக் கேட்டிருந்தாலும் போறும். பதில் வந்தா உங்களை யாரும் அசைக்க மாட்டா. வரலைன்னா அலமாரியைப் பூட்டிச் சாவியை ஸார்ட்டே குடுத்துடுங்கோ.”

“இதுல ஒங்களுக்கு என்னம்மா லாபம்?”

“எனக்கு ஒண்ணுமில்லே.”

ஒன்றும் இல்லாமல் ஒருத்தி எதற்கு அவகாசம் கொடுக்கிறாள் என்று வெயிலுமுத்து அவள் பஸ் ஏறுகிற வரைக்கும் யோசித்தார். பிடிபடவில்லை.

“வாயப் பொத்திட்டு இருந்திருந்தா மானியம் கூடியிருக்கும்வே,” என்று பல்லைக் கடித்தார் ஞானசேகரன்.

“கூடியிருக்கும். வேற எவனாவது உக்காந்திருப்பான்.”

ஞானசேகரன் கேட்டை மூடச் சொல்லிக் கத்திக்கொண்டு போனார்.

வெயிலுமுத்து பெண்களை உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

“தண்ணி பிடிக்கதுக்குப் பரீச்சையா?” என்றாள் ஆறுமுகத்தாய். “எங்க அப்பன் என்னயப் பள்ளிக்கூடத்துக்கே விட்டதில்ல. இந்த வயசுல பெயிலாவணுமா?”

“ஒன் மண்டையில ஏறாதுட்டி. நேத்து வரைக்கும் கல்லே ஏறல,” என்றாள் முப்பிடாதி. பிறகு வெயிலுமுத்துவைப் பார்த்தாள். “சரி அண்ணாச்சி, நூத்திப் பதினாலுல என்ன இருக்கு?”

“எனக்கென்ன தெரியும்?”

“நல்லா இருக்கு கத. நாற்காலி ஒங்களுக்கு, பரீச்சை எங்களுக்கா? நீங்க படிச்சு வந்து சொல்லுங்க. தண்ணி வார வரைக்கும் நாங்க கேக்கோம். மத்தவளுக்கெல்லாம் புஸ்தகத்தக் குடுங்க. இன்னிக்கு ஒரு நாளைக்கு நான் செங்கல்லு போட்டுக்கிடுதேன். ஏ ஆறுமுகத்தாயி, கல்லத் தொட்டே, இந்தப் பக்கமும் மஞ்சப் பத்துதான்.”

அவரவர் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்கள். அறை காலியாயிற்று. மேஜை மேல் நூற்றுப் பதினாலு கிடந்தது.

வெயிலுமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். சீல் இருந்த பக்கத்தைத் தள்ளினார். பர்மாக் காட்டில் மரம் வெட்டப் போன ஒருத்தன் தன் கதையைத் தானே எழுதியது போலிருந்தது. விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் போனார். முதல் பக்கம் முடியவே வெகு நேரம் ஆயிற்று. இரண்டாவது பக்கத்தில் அந்த ஆள் எதிரே வந்த புலியைக் குடையை விரித்து விரட்டிவிட்டதாக எழுதியிருந்தான்.

பொய். வெயிலுமுத்துவுக்கு உடனே தெரிந்துவிட்டது. முதல் பக்கத்தில் மழையே இல்லாத மாசம் என்று இவனே சொல்லியிருக்கிறான். மழையில்லாத காட்டுக்குள் இவனுக்கு எதற்குக் குடை? முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய்ச் சரிபார்த்தார். அப்படித்தான் இருந்தது. கையும் களவுமாக இவன் எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறான் பார்ப்போம் என்று மூன்றாவது பக்கத்தைத் திருப்பினார்.